வேலையை விட்டதும் முதலில் உறுத்தியது பணம்தான்

வேலையை விட்டுவிட்டு குழந்தையோடு வீட்டில் இருக்கப்போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். போரடிக்கும், உடம்பு போடும், மூளை மழுங்கிடும், சீரியல் பார்க்க ஆரம்பிச்சிடுவே. பணத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

துரைப்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனி, டெஸ்டிங் வேலை. 2017-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடைத்தது, அதில் குறையே இல்லை. அதே சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் க்ரெஷ், அதாவது குழந்தைக் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. எங்களுக்கும் க்ரெஷ் இருந்தது, மேடவாக்கம் தாண்டி ஒரு ப்ளே ஸ்கூலில். அந்த டிராஃபிக்கில் நான்கு முறை போய் வருவதென்றால் என்னை டிரைவர் வேலைக்குத்தான் எடுத்திருக்கணும். என் அம்மாவுக்கு முட்டிவலி, மாமியாரால் தஞ்சாவூரில் மாமனாரைத் தனியே விட்டு வர முடியாது. சரி, பேப்பர் போட்டுவிட்டேன்.

பிள்ளை பார்க்கும் வேலை எனக்குப் புதிதில்லை, நாப்கின் மாற்றுவதும் சோறு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் லீவிலேயே பழகிவிட்டது. மாதக் கடைசியில் சம்பளம் ஏறியதாக வரும் எஸ்எம்எஸ் நின்றுபோனதுதான் பழகவில்லை. என் வீட்டுக்காரர் கஞ்சன் இல்லை, "எவ்வளவு வேணும்னு கேளு, போட்டு விடறேன்" என்பார். அப்படிக் கேட்பதுதான் சிக்கல். பார்லருக்கு முந்நூறு ரூபாய், தோழி கல்யாணத்துக்கு மொய், என் அம்மாவுக்கு ஒரு புடவை, எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு அவர் முகம் பார்த்து நிற்கணும். அவருடைய பிறந்தநாளுக்கே ஒரு சட்டை ஆர்டர் போட்டுவிட்டு, மீட்டிங்கில் இருந்த மனுஷனை போனில் கூப்பிட்டு "ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறேன்!

அம்மாவிடம் புலம்பினால், மளிகைக் காசில் மிச்சம் பிடி, சிறுவாடு சேர் என்கிறாள். அவள் காலத்தில் அப்பா கையில் நோட்டாகக் கொடுத்தார், மிஞ்சியது கடுகு டப்பாவுக்குப் போனது. இப்போது மளிகை ஆப்பில் வருகிறது, பில் பைசா சுத்தமாக அவர் போனில் நிற்கிறது. இதில் எங்கே மிச்சம் பிடிப்பது?

"வீட்டுல சும்மாதானே இருக்கே" என்கிற சொந்தக்காரர்களுக்காக ஒரு கணக்கு. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. பிள்ளை பார்ப்பது இதில் சேராது, அது தனிக் கணக்கு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்ப மனைவி இங்கே குடும்பத்தைக் கவனித்திருந்தால், அப்படி வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. நான் இதை எடுத்துப் போய் வழக்காடவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து பேசினேன், அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு ஒரு தொகை தானாக வந்துவிடும். கைச்செலவுக் காசு என்று அதைச் சொல்லக்கூடாது, எதற்குச் செலவழித்தாய் என்று கேட்கவும் கூடாது, இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். அப்புறம் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி): என் பங்கு, கம்பெனி பங்கு இரண்டும் ஒரே நாளில் நின்றுபோனது அவருக்கு உறைக்கவே இல்லை, நான் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு ஈடாக என் பெயரில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கினோம். அவர் கொடுக்கும் பணத்தை நான் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் அந்த வட்டி அவர் வருமானத்தோடு சேர்ந்து வரி விழும், பிபிஎஃப் வட்டிக்கு வரியே கிடையாது. ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும், விடுவதற்கு முன்பே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் தோழிகளே.

ஒன்று மட்டும் இன்னும் இழுபறி. ஏப்ரலில் அவருக்கு இன்க்ரிமென்ட் வந்தால் என் தொகையும் ஏறணும் என்பது என் கட்சி, "அதெப்படி, உனக்கு அப்ரைசல் யார் பண்றது?" என்கிறார் அவர். குழந்தையைப் பண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.