ஜிபி இருக்கட்டும், எத்தனை பிட்?

சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிறவர்கள், காட்பாடிப் பக்கத்துக் காலேஜ் பையன்கள் உட்பட, முதலில் கேட்பது "அண்ணா, எத்தனை ஜிபி?" என்றுதான். எத்தனை பிட் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜிபி என்பது மெமரியின் அளவு; பிட் என்பது அந்த மெமரிக்கும் கார்டின் மூளையான ஜிபியுவுக்கும் நடுவே உள்ள பாதையின், அதாவது பஸ்ஸின், அகலம்.

சூடு தணிக்கும் ஹீட்சிங்கைக் கழற்றிய செத்த கார்டு ஒன்று என் மேஜையில் எப்போதும் கிடக்கும். அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவேன். நடுவில் கண்ணாடி மாதிரி மின்னுவது ஜிபியு. சுற்றிலும் கறுப்புச் சதுரங்களாக உட்கார்ந்திருப்பவை மெமரி சிப்கள். ஜிடிடிஆர்6 வகை மெமரியில் சிப் ஒன்றுக்கு 32 பிட் இணைப்பு. நான்கு சிப் என்றால் 128 பிட், ஆறு என்றால் 192, எட்டு என்றால் 256. கணக்கும் சுலபம்: பிட்டை எட்டால் வகுத்து மெமரி வேகத்தால் பெருக்கினால் போதும். ஆர்டிஎக்ஸ் 4060-ல் 128 பிட், மெமரி வேகம் 17 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிகாபிட்). நொடிக்கு 272 ஜிபி வருகிறது.

அகலமாகவே வைத்துவிட வேண்டியதுதானே என்பார்கள். காசு அங்கேதான் போகிறது. ஒவ்வொரு 32 பிட்டுக்கும் ஜிபியுவின் ஓரத்தில் தனியாக இடம் ஒதுக்க வேண்டும். புதிய தொழில்நுட்பத்தில் மற்ற பாகங்கள் சுருங்குகிற அளவுக்கு இந்த ஓரத்துப் பாகம் சுருங்குவதில்லை. அதற்கு மேல் கூடுதல் சிப், போர்டில் நெருக்கமான வயரிங், கூடுதல் மின்சாரம். அதனால் நடுத்தர விலைக் கார்டு என்றாலே கம்பெனிக்காரர்கள் கத்தரிக்கோல் வைக்கிற இடம் இது.

எனக்கு எரிச்சல் வருவது, பெயரை மாற்றாமல் இதைச் செய்யும்போதுதான். ஆர்டிஎக்ஸ் 3060-ன் 12 ஜிபி கார்டு 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 8 ஜிபி 3060-ல் 128 பிட், 240 ஜிபி. கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. ஜிடி 1030-ல் இன்னும் மோசம்: பிட் மாறாமல் 64 தான், ஆனால் ஜிடிடிஆர்5-க்குப் பதில் வேகம் குறைந்த டிடிஆர்4 மெமரி போட்டதில் 48 ஜிபி கிட்டத்தட்ட 17 ஆகிவிட்டது. ஆக, பிட்டோடு மெமரி வகையையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கேச், அதாவது அடிக்கடி தேவைப்படுவதை ஜிபியுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சின்ன மெமரி. 2020-ல் வந்த 3060 டிஐ 256 பிட், 448 ஜிபி. 2023-ல் வந்த 4060 டிஐ 128 பிட், 288 ஜிபி. அறிமுக விலை இரண்டுக்கும் 399 டாலர். ஈடுகட்ட எல்2 கேச்சை 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக ஏற்றினார்கள். நம் ஊர்த் தண்ணீர் கதைதான் இது: தெருக்குழாய் சின்னதானாலும் மாடியில் தொட்டி இருந்தால் வண்டி ஓடும், வீட்டில் விசேஷம் என்றால் தொட்டி தாங்காது. 1080பி மானிட்டரில் புதுசு முந்துகிறது. 4கே போட்டால் பல கேம்களில் பழையதோடு கிட்டத்தட்ட சமமாக நிற்கிறது. இதே 4060 டிஐ 16 ஜிபியிலும் வந்தது. அதில் எட்டு சிப் இருந்தும் பஸ் 128 பிட் தான். இரண்டிரண்டு சிப்பாக ஒரே 32 பிட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

சரி, பிட் பெரிதாக இருக்கிறதே என்று பழைய ஆர்எக்ஸ் 580-ஐ செகண்ட் ஹேண்டில் தேடிப் போகாதீர்கள். 256 பிட், 256 ஜிபி எல்லாம் உண்மைதான். ஆனால் 128 பிட், 224 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 32 எம்பி இன்ஃபினிட்டி கேச்சும் புதிய கோர்களும் செய்கிற வேலை அது. மின்சாரமும் 580-க்கு 185 வாட், 6600-க்கு 132 வாட். ஏசி இல்லாத அறையில், வேலூர் மே மாதத்தில், அந்த 53 வாட் வித்தியாசம் முதுகிலேயே தெரியும்.