ஆட்டம் முடியாத நெட்புக்

நவம்பர் 1, 2025, சனி

அலமாரியை ஒழிக்கும்போது பழைய நெட்புக், அதாவது குட்டி மடிக்கணினி, கையில் அகப்பட்டது. 2009இல் வாங்கியது. 10.1 அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் என்270 சில்லு, 1 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க். பெயரில்தான் ஆட்டம், நடையெல்லாம் ஆமை நடை. சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். உயிர் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளி முழுதாக வந்து சேர மூன்றரை நிமிடம் ஆனது. கடிகாரம் 2009 ஜனவரி 1 என்றது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது போல.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதை இனி வைத்துக்கொண்டு இணையப் பக்கம் போக முடியாது. ஆனால் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. காரணம் கீபோர்டு. சின்னதுதான், ஆனாலும் ஒவ்வொரு விசையும் அமுங்குவது விரலுக்குத் தெரியும். இப்போது வைத்திருக்கும் மெல்லிய மடிக்கணினியில் தட்டினால் மேசையைத் தட்டுவது போல இருக்கிறது.

எனக்கு இதில் வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழில் எழுத வேண்டும். மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். படம் பார்க்க, விளையாட வேறு கணினி இருக்கிறது. விண்டோஸ் அல்லாத எந்த இயங்குதளம் இந்த வேலைக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் வேலை ரேம். அதே அலமாரியில் இருந்த, திரை உடைந்த மடிக்கணினியிலிருந்து 2 ஜிபி டிடிஆர்2 துண்டு ஒன்றைக் கழற்றினேன். நெட்புக்கின் அடியில் ஒரே ஒரு திருகு, ஒரு சின்ன மூடி. பழையதன் இரு பக்கக் கொக்கியையும் விலக்கியதும் அது தானாகச் சாய்ந்து எழுந்தது. புதியதை அதே சாய்வில் செருகி அழுத்தினால் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். இரண்டு முறை உட்காரவில்லை, திரை கறுப்பாகவே இருந்தது. மூன்றாவது முறை சரி. இந்த மெஷினுக்கு உச்ச வரம்பே 2 ஜிபிதான், இனி இதில் ஏற்ற ஒன்றுமில்லை.

அடுத்த சிக்கல், என்270 வெறும் 32 பிட் சில்லு, இன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலும் 64 பிட் கேட்கின்றன. லினக்ஸ் வகைகளையே எடுத்துக்கொண்டால், உபுண்டு 2017இலேயே 32 பிட் டெஸ்க்டாப் வட்டை நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் ஆர்ச்சும் விட்டது. கடைசிப் புகலிடம் என்று எல்லாரும் சொல்லும் டெபியனிலும், இந்த ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்புக்கு 32 பிட் நிறுவி கிடையாது. 12தான் கடைசி. வேகம் குறைவு என்பதைவிட, வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவதுதான் இந்த மாதிரிக் கணினிகளின் உண்மையான பிரச்சினை.

நவம்பர் 4, செவ்வாய்

பப்பி லினக்ஸ், டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட 32 பிட் பதிப்பு. பென் டிரைவிலிருந்து எழுந்து, தன்னை முழுக்க ரேமுக்குள் ஏற்றிக்கொள்கிறது. அப்புறம் ஹார்டு டிஸ்க் சத்தமே இல்லை. மெனு தட்டியதும் விரிகிறது. 2009இல் புதிதாக இருந்தபோதுகூட இது இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததாக நினைவில்லை.

ஆனால் எல்லாமே, எதையும் மாற்றும் உரிமையுள்ள ரூட் பயனராக ஓடுகிறது. பப்பியை உருவாக்கியவர்கள் அதற்கு நியாயம் சொல்கிறார்கள், எனக்குத்தான் கை கூசுகிறது. அணைக்கும்போது சேமிப்புக் கோப்பு வேண்டுமா, எங்கே, எவ்வளவு பெரிதாக என்று கேட்டது. அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் செய்த அமைப்புகள் எல்லாம் போயே போச்சு. தப்பு என் மேல்தான், ஆனாலும் கோபம் பப்பி மேல்.

நவம்பர் 5, புதன்

கொலிப்ரி ஓஎஸ். பெரும்பாலும் சில்லின் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதப்பட்டது, 1.44 எம்பி ஃபிளாப்பிக்குள் அடங்கிவிடும். மெனு, ஜன்னல்கள், விளையாட்டுகள், எடிட்டர் எல்லாம் அதற்குள்ளேயே. அழுத்தி முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. வாயைப் பிளந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வைஃபை இல்லை, தமிழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அணைத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

இன்று ஹைக்கூ என்ற இயங்குதளம். ரொம்ப நாளாக ஆசை.

1990களில் பீ என்ற நிறுவனம் பீ ஓஎஸ் என்று ஒன்றைச் செய்தது. 2001இல் அது பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு ஆர்வலர்கள் சிலர் அதை முதலிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார்கள். பீ ஓஎஸ்ஸின் உலாவியில் பக்கம் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தி ஹைக்கூ கவிதையாக வருமாம். பெயர் அங்கிருந்து வந்தது. இருபது ஆண்டுக்கு மேலாகியும் இன்னும் பீட்டா என்ற சோதனை நிலையில்தான் இருக்கிறார்கள். நான் போட்டது 2024 செப்டம்பரில் வந்த ஐந்தாவது பீட்டா. 32 பிட் பதிப்பை அவர்கள் கைவிடாததற்கு ஒரு காரணம், பழைய பீ ஓஎஸ் நிரல்கள் அதில்தான் ஓடும்.

ஹார்டு டிஸ்கில் 20 ஜிபி ஒதுக்கி நிறுவினேன். தொடக்கத் திரையில் ஒரு வரிசைச் சின்னங்கள் ஒவ்வொன்றாக ஒளி பெறும், கடைசிச் சின்னம் எரிந்ததும் டெஸ்க்டாப். முப்பது நொடிக்குள், அதுவும் சுழலும் பழைய டிஸ்கில். வைஃபையும் கேள்வி கேட்காமல் இணைந்தது.

என்னைக் கட்டிப்போட்டது அந்த மஞ்சள் தலைப்புப் பட்டை. ஜன்னலின் அகலம் முழுக்க நீளாமல், கோப்புறைக் காது மாதிரி ஒரு மூலையில் மட்டும் நிற்கும். விண்டோஸ் விசையைப் பிடித்தபடி ஒரு ஜன்னலின் காதை இன்னொன்றின் காது மேல் கொண்டுபோய் விட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எடிட்டரையும் கோப்பு மேலாளரையும் கட்டளை தட்டும் டெர்மினலையும் இப்படி ஒரே அடுக்காக்கிவிட்டேன். 600 புள்ளி உயரமே உள்ள திரைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி இழை ஓடுவதால் ஒன்று திணறினாலும் மற்றது நிற்பதில்லை. உலாவி ஒரு செய்தித் தளத்தோடு நாற்பது நொடி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் நான் நிம்மதியாக இருந்தேன்.

இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். தமிழை இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பார்த்தேன்.

‘செய்தி’ என்ற சொல் உள்ள கோப்பைத் திறந்தேன். ச முதலில் நிற்கிறது, அதன் கொம்பு பின்னால் வந்து ய மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பைச் சேமிப்பார்கள், திரையில் வரையும்போது முன்னால் கொண்டுவருவது இயங்குதளத்தின் வேலை. ஹைக்கூவின் சொந்த எழுத்து வரைவு அதைச் செய்வதில்லை. சேமித்த வரிசையிலேயே நட்டுவைத்துவிடுகிறது. ‘வேலை’யில் இரண்டு கொம்பும் இடம் மாறி, மூன்றாம் வகுப்புப் பையன் அவசரத்தில் எழுதியது மாதிரி இருந்தது.

வேறு எழுத்துருக்கள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன், அதே கதை. பிறகு க்யூட்டி என்ற நிரல் கட்டமைப்பில் எழுதப்பட்ட ஒரு எடிட்டரை இறக்கினேன். அது எழுத்தைத் தானே வரைந்துகொள்வதால் கொம்புகள் ஒழுங்காக நின்றன. ஆனால் கோப்பின் பெயர், மஞ்சள் காது, தேடல் பெட்டி என்று வெளியே எங்கே வந்தாலும் மறுபடி சிதறல்.

போதாதற்கு, மூடியை மூடினால் தூங்கவும் செய்யாது. இன்னும் அந்த வசதியே வரவில்லை. முப்பது நொடியில் எழுகிற ஒன்றுக்குத் தூக்கம் எதற்கு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். கொம்புக்கு என்ன சமாதானம் சொல்வது?

நவம்பர் 13, வியாழன்

விண்டோஸ் நிரல்களை ஓட்டுவதற்கென்றே எழுதப்படும் ரியாக்ட் ஓஎஸ்ஸை ஒரு மாலை பார்த்தேன். 1990களில் தொடங்கிய திட்டம், இன்னும் பீட்டாவுக்கும் முந்தைய ஆல்ஃபா நிலை. அன்றாட வேலைக்கு அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். சொன்னது சரிதான்.

நவம்பர் 15, சனி

ஓப்பன் பிஎஸ்டி 7.8. லினக்ஸ் அல்ல, யூனிக்ஸ் வழி வந்த இன்னொரு இயங்குதளம். போன மாதம் வந்த புத்தம்புதுப் பதிப்பு, 32 பிட் இன்டெல்லுக்கு இன்னும் இடம் வைத்திருக்கிறார்கள்.

நிறுவுவது கறுப்புத் திரையில் கேள்வி பதில். பெரும்பாலும் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். கடைசியில் இயங்குதளத்தின் கருவான கெர்னலை இந்தக் கணினிக்கென்றே துண்டு மாற்றி அடுக்கி இணைக்கிறேன் என்றது. டிஸ்க் விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருக்க, நான் துணி மடித்து வைத்துவிட்டு வந்தேன். இது நிறுவும்போது மட்டும் நடப்பதில்லை, ஒவ்வொரு முறை எழும்போதும் அடுத்த முறைக்கான கெர்னலைப் பின்னணியில் இப்படிக் கலைத்து அடுக்கும். ஊடுருவுகிறவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாதாம். நல்ல யோசனை, ஆனால் ஆட்டத்துக்குப் பெரிய சுமை.

தூங்க வைக்கும் கட்டளை என்ன தெரியுமா? சின்ன இசட் மூன்று முறை. குறட்டை! தட்டியதும் திரை அணைந்தது, விளக்கு மினுங்கியது, ஒரு விசையைத் தொட்டதும் இரண்டு நொடியில் எழுந்தது. மூடியை மூடினாலும் அப்படியே. தூக்கத்தில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் அதன் டெர்மினலில் தமிழ் சிதறுகிறது. நல்ல எடிட்டர், தமிழ்99 விசைப்பலகை முறை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க உட்கார்ந்தபோது இரவு பதினொன்றரை. விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று ஒன்று கவனித்தேன். எக்ஸ்பி இதை இரண்டு சில்லாகக் காட்டும், ஓப்பன் பிஎஸ்டி ஒன்றை மட்டுமே ஓட்டுகிறது. இருப்பது ஒரே கோர், ஹைப்பர் த்ரெடிங் அதை இரண்டாக நடிக்க வைக்கும். அந்த நடிப்பில் ஓட்டை இருக்கலாம் என்று 2018இலிருந்து ஓப்பன் பிஎஸ்டி அதை அணைத்தே வைக்கிறது.

அதே 2018 ஜனவரியில்தான் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற குறைகள் வெளிவந்து உலகத்தையே கலக்கின. இந்த ஆட்டத்துக்கு இரண்டும் இல்லை. வேகமான சில்லுகள் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்து வைக்கும், ஓட்டை அங்கேதான். இது வரிசையில் நின்று, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று போகும் ரகம். லினக்ஸில் எல்எஸ்சிபியு என்று தட்டினால் குறைகளின் பட்டியலில் வரிக்கு வரி ‘பாதிப்பில்லை’ என்று வருகிறது. அப்பாவியாக இருப்பதில் ஒரு லாபம்.

நவம்பர் 22, சனி

ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸ், 32 பிட். டெபியன் 12தான் அடித்தளம், பல லினக்ஸ்களில் மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இல்லை, மேலே ஜன்னல்களைக் கவனிக்கும் ஐஸ்டபிள்யூஎம். எழுந்து நின்றதும் ரேமில் 180 எம்பிதான் பிடித்திருந்தது. பார்க்க அழகில்லை, ஹைக்கூவைப் பார்த்த கண்ணுக்கு இது அரசாங்கப் படிவம்.

தொகுப்புகளை இறக்கப் போனால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்றது. காரணம் கடிகாரம். 2009இல் உட்கார்ந்துகொண்டு 2025இன் சான்றிதழைப் பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லையே! தேதியைக் கையால் மாற்றியதும் வழிக்கு வந்தது. இப்போது எழும்போதே இணையத்திலிருந்து நேரம் வாங்கிக்கொள்கிறது. பேட்டரியை மாற்றக் கீபோர்டைக் கழற்ற வேண்டும். கீபோர்டுக்காகத்தானே இதையே வைத்திருக்கிறேன், அதில் கை வைக்கப் பயம்.

உள்ளீட்டு நிரலான ஐபஸ்ஸும் தமிழ்99உம் போட்டேன். அமைப்பு ஜன்னலின் ‘மூடு’ பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது, 600 புள்ளித் திரையின் நிரந்தர வியாதி. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஜன்னலின் நடுவில் பிடித்து மேலே இழுத்தால் தலைப்பு மறைந்து அடிப்பகுதி தெரிகிறது. பொத்தானை அமுக்கிவிட்டு எடிட்டரைத் திறந்து அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினேன். அம்மா. புள்ளி தானே விழுந்தது. கொம்புள்ள சொற்களாகத் தேடித் தேடி ஒரு பக்கம் அடித்தேன், ஒன்றும் நகரவில்லை.

நவம்பர் 29, சனி

ஒரு வாரமாக இதில்தான் எழுதுகிறேன். மூடினால் தூங்க, அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரி நாற்பது நிமிடம்தான், சார்ஜர் கூடவே அலைகிறது. ஃபயர்பாக்ஸ் இந்த மாதம் வந்த 145ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140க்கு அடுத்த செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எப்படியும் இதில் உலாவுவது பொறுமையைச் சோதிக்கிற வேலை, இரண்டு டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. எழுதியதைப் பென் டிரைவில் எடுத்துப் பெரிய கணினியிலிருந்து ஏற்றுகிறேன்.

எக்ஸ்பியை அழித்தாயிற்று. ஹைக்கூவின் 20 ஜிபியை மட்டும் தொடவில்லை. அடுத்த பீட்டா வரட்டும், முதலில் ‘செய்தி’யைத் திறந்து பார்க்கிறேன்.