ஒரு சொல், நான்கு ஊர், மூன்று நேரம்: ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைச் சோதித்துப் பார்த்தது

கொழும்பில் தமிழ் இணையப் பக்கம் செய்பவர்களுக்காகத் தொகுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடுத் தொகுப்புகளின்) பட்டியலில், கிட்ஹப்பில் விழும் நட்சத்திர எண்ணிக்கையை வைத்துச் சேர்ப்பதை நிறுத்தியாயிற்று. லைப்ரரிகளை இறக்கும் களஞ்சியமான என்பிஎம் காட்டும் வாராந்தப் பதிவிறக்கக் கணக்கும் உதவாது. தானியங்கி பில்ட்கள் திரும்பத் திரும்ப இறக்குவதும் வேறொரு லைப்ரரிக்குள் சார்பாக வந்து இறங்குவதும் அதில் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. அதற்குப் பதிலாகப் பரிந்துரை ஒவ்வொன்றையும் நம் எழுத்திலும் நம் கடிகாரத்திலும் ஓட்டிப் பார்க்கிறோம்.

முதல் சோதனைக்கு எடுத்த சொல் 'கொழும்பு'. வாசிப்பவர் கண்ணுக்கு 4 எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனிக் குறியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் (நீளம்) சொல்வது 8. அதே சொல்லில் 'கொ'வின் முன்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தால் 9. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொய் என்று வரும். தேடல் பெட்டியில் சொல் அகப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். இரு பக்கத்தையும் நார்மலைஸ் செய்து என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தால் 8க்கு 8 சரியாகிவிடும். தேடல் லைப்ரரி இதைத் தானே செய்கிறதா, நாம் செய்துகொடுக்க வேண்டுமா என்பதைக் குறிப்பில் எழுதுவது கட்டாயம்.

சொல்லைச் சுருக்கிக் காட்டும் லைப்ரரிகள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். 5 குறியோடு வெட்டினால் 'கொழும' என்று வரும், புள்ளி போய்விடும். எழுத்தெழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் இன்னும் மோசம்: உகரக் குறி தனி ஸ்பானுக்குள் (ஒரு துண்டைச் சுற்றும் எச்டிஎம்எல் குறிக்குள்) போய், புள்ளிகளால் ஆன வெற்று வட்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள பிரிப்பானான இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) கிராஃபீம் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் எழுத்தளவில், வைத்துப் பிரித்தால் 4 கிடைக்கிறது. குரோமில் 87ஆம் பதிப்பிலிருந்தும் ஃபயர்பாக்ஸில் 125ஆம் பதிப்பிலிருந்தும் அது உண்டு. எனவே பழைய ஃபயர்பாக்ஸுக்கு மாற்று வழி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். செக்மென்டரும் முழுத் தீர்வு இல்லை. 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டையும் அது இரண்டிரண்டாகவே உடைக்கும், ஏனென்றால் யூனிகோட் விதி தமிழில் புள்ளியைத் தாண்டி மெய்களைச் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு கூட்டையும் நாமே ஒட்டிவைக்கிறோம்.

அடுத்தது ஊர்கள். முகவரிப் படிவத்தில் வரும் நான்கு பெயர்: கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, கொழும்பு, கொள்ளுப்பிட்டி. தமிழ் அகரவரிசை இதுதான், ழகரம் ளகரத்துக்கு முந்தியது. வெறும் சோர்ட் குறியெண்ணைப் பார்ப்பதால் கொள்ளுப்பிட்டியை மேலே ஏற்றிவிடும். யூனிகோட் அட்டவணையில் ள முன்னாலும் ழ பின்னாலும் இருப்பதே காரணம். மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டல் கொலேட்டருக்குத் தமிழைக் குறிக்கும் 'டிஏ' என்று மொழி கொடுத்தால் வரிசை சரியாகும். அட்டவணை காட்டும் லைப்ரரி என்றால் ஒப்பிடும் ஃபங்ஷனை வெளியிலிருந்து கொடுக்க இடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நேரச் சோதனையில்தான் அதிக நாள் போனது, பலனும் அதில்தான் அதிகம். இலங்கை எல்லாக் காலத்திலும் யுடிசி (உலகப் பொது நேரம்) கூட்டல் 5:30இலேயே இருக்கவில்லை. மின்வெட்டுக் காலமான 1996 மே 25இல் 6:30க்குப் போனது, அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6:00க்கு வந்தது, 2006 ஏப்ரல் 15இல்தான் 5:30க்குத் திரும்பியது. ஆகவே யுடிசி நள்ளிரவு மூன்றைக் கொடுக்கிறோம். 1996 ஜூலை 1க்கு 06:30 வர வேண்டும், 2000 ஜனவரி 1க்கு 06:00, 2006 மே 1க்கு 05:30. ஐந்தரை மணியைக் கையால் கூட்டியிருக்கும் லைப்ரரி முதல் இரண்டிலும் விழும். பழைய பிறப்புப் பதிவுகளின் நேரத்தைக் கையாளும் பக்கத்துக்கு இந்தப் பிழை ஆகாது. (வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. 'ஏசியா/கொலம்போ' என்ற ஒற்றை நேர வலயப் பெயரில் அது அடங்காது.)

நேர வலயங்களைக் கையாளும் மொமென்ட் டைம்ஸோன் லைப்ரரியைப் பற்றி வாசகர்களிடமிருந்து 'சரி', 'பிழை' என்று இரண்டு விதமாகவும் கருத்து வரும், இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். 10 ஆண்டுத் தரவு மட்டும் உள்ள சிறிய கோப்பை ஏற்றினால் 2000க்கு 05:30 வரும், முழுத் தரவுக் கோப்பில் 06:00 வரும். எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எந்தப் பிரவுசர், கொடுத்தது என்ன, வந்தது என்ன, வர வேண்டியது என்ன: இந்த ஆறும் இல்லாத கருத்தை நிறுத்திவைத்து, எழுதியவரிடமே திருப்பிக் கேட்கிறோம். 'அருமை', 'வேலை செய்யவில்லை' இரண்டுக்கும் ஒரே நடைமுறை. அதற்கு அடிப்படையான மொமென்ட் லைப்ரரியைப் புதிய வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. 2020 செப்டெம்பரிலேயே அதைப் பராமரிப்பவர்கள் இனிப் புது வசதி வராது என்று அறிவித்துவிட்டார்கள். லக்ஸன் என்ற மாற்று லைப்ரரி பிரவுசரின் சொந்த வலயத் தரவையே எடுத்துக்கொள்வதால் தனிக் கோப்பு தேவையில்லை.

சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு. மடிக்கணினியே கொழும்பு நேரத்தில் இருந்தால் தவறான கோடும் சரியான விடை தரும். எந்த நேர வலயத்தில் ஓடுவது என்று சொல்லும் டிஇசட் (TZ) சூழல் மாறியை யுடிசி என்று வைத்து ஒருமுறையும், டொரொண்டோ என்று வைத்து ஒருமுறையும் ஓட்ட வேண்டும். '2025-04-14' என்று நேரமில்லாமல் எழுதிய திகதியை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவாக எடுக்கும். வெள்ளவத்தையில் பார்ப்பவருக்கு அது காலை 5:30, திகதி மாறாது. டொரொண்டோவில் இருக்கும் உறவினருக்கோ புத்தாண்டு 13ஆம் திகதி என்று காட்டும்.

பட்டியலில் உள்ள இணைப்புகளைச் சரிபார்ப்பதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தலைப்பு விவரத்தை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கைக்கு 405 (இந்த வகைக் கோரிக்கை ஏற்கப்படாது) வந்தால் இணைப்பு செத்துவிட்டது என்று பொருளில்லை. முழுப் பக்கத்தையும் கேட்கும் கெட் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். 'சரி' என்று பொருள்படும் 200 வந்தாலும் நம்ப முடியாது, விற்பனைக்கு வைத்த டொமெயினும் 200 தரும். பக்கத்தில் லைப்ரரியின் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறோம். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பும் கோடு வழங்கிய பாலிஃபில்.ஐஓ தளம் 2024இல் கைமாறி, ஜூன் மாதம் தீய கோடு பரப்பியது வெளிப்பட்டது. அது பிரவுசருக்கு ஏற்ப வேறு வேறு கோப்பு அனுப்பியதால் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) வைத்துப் பூட்டவும் வழியிருக்கவில்லை. அதனால் சிடிஎன் (கோப்புகளைப் பொதுவில் வழங்கும் சேவை) இணைப்பு என்றால் முழுப் பதிப்பெண், ஷா-384 முறையில் கணக்கிட்ட ஹாஷைச் சொல்லும் இன்டெக்ரிட்டி, அதைச் சரிபார்க்கத் தேவையான கிராஸ்ஒரிஜின் அனானிமஸ் மூன்றும் சேர்த்தே பதிகிறோம். 'லேட்டஸ்ட்' என்று முடியும் முகவரிக்கு ஹாஷ் போட்டால் அடுத்த வெளியீட்டிலேயே பிரவுசர் கோப்பை மறுத்துவிடும். அப்படி முடியும் பழைய பதிவுகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.