உன் மலை எது, உன் ஆறு எது

திருநெல்வேலியில் எட்டு வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு 2014இல் ஆக்லாந்துக்கு வந்தேன். இங்கே நர்சாகப் பதிவு வாங்க ஒரு தகுதிப் படிப்பு முடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் வகுப்பிலேயே ஒவ்வொருவரையும் எழுந்து பெபெஹா சொல்லச் சொன்னார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அது. முதலில் மலை, அடுத்து ஆறு, முன்னோர் வந்த படகு, குலம். சொந்தப் பெயர் கடைசியில்தான். இங்குள்ள மலையை உன் மலை என்று சொல்லிவிடாதே, உன் ஊர் மலையைச் சொல் என்றார் ஆசிரியை. பொதிகை என்றேன். தாமிரபரணி என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

'நீ எந்த ஊர்?' என்று பஸ்ஸிலும் வார்டிலும் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குள்ளே 'எப்போது திரும்பிப் போவாய்?' என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். மாவோரியில் 'கோ வை கோயே' என்று கேட்பார்கள், நீ யார் என்று அர்த்தம். 'வை' என்றால் யார். தண்ணீருக்கும் அதே சொல்தான். நம் ஊரில் பெரியவர்கள் 'எந்த ஊரு, யாரு மவ?' என்று கேட்டுவிட்டு, கையோடு உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார்களே, அந்தத் தொனியை அதில் கேட்டேன்.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் நர்சிங் துறையில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். பண்பாட்டுப் பாதுகாப்பு என்று இங்கே ஒரு பாடம் உண்டு. 1980களின் இறுதியில் நடந்த ஒரு கூட்டத்தில் மாவோரி மாணவி ஒருத்தி எழுந்து, சட்டப் பாதுகாப்பு பற்றியெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டதில் பிறந்த சொல் அது. இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ் அதை வளர்த்தெடுத்தார். 1992இல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது. பாதுகாப்பாக உணர்ந்தோமா என்று சொல்லும் உரிமை சிகிச்சை பெறுபவருக்கே, தருபவருக்கு இல்லை என்பதுதான் அதன் சாரம். இதே அளவுகோலை எங்கள் மாணவர்களுக்கும் வைத்துப் பார்த்தோமா என்றால், நெடுநாள் வைக்கவில்லை.

நாகர்கோவில் பிள்ளை ஒருத்தி, முதல் வார்டுப் பயிற்சி. ரத்த அழுத்தம் பார்க்கப் போனவளிடம் கட்டிலில் இருந்தவர் கையை இழுத்துக்கொண்டு, இந்த நாட்டு ஆள் யாரையாவது அனுப்பு என்றிருக்கிறார். பொறுப்பு நர்ஸ் எதுவும் பேசாமல் வேறொரு மாணவியை அனுப்பிவிட்டார். மிச்ச நேரம் இவள் துணி மடித்தாள். அன்றைய பயிற்சி நேரத்தில் பாதி கணக்கில் சேரவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. புகார் படிவத்தை அவளையே நிரப்பச் சொன்னார்கள். அடிபட்டவளே வழக்கும் எழுத வேண்டுமா? துறைக் கூட்டத்தில் இதைப் பேச எழுந்தபோது என் கை நடுங்கியது. நல்லவேளை, ஒரு மூத்த மாவோரி விரிவுரையாளர் என்னோடு எழுந்து நின்றார். நான்கு மாதம் இழுத்தடித்து மூன்று விஷயம் மாறியது. புகாரைப் பயிற்றுநர்தான் எழுத வேண்டும். இழந்த நேரத்தைத் துறை ஈடுகட்ட வேண்டும். "இவர் எங்கள் மாணவி, இவர்தான் உங்களைப் பார்ப்பார்" என்று கட்டிலருகில் நின்று சொல்ல வேண்டியவர் பொறுப்பு நர்ஸ். அந்த ஒரு வாக்கியத்தை இப்போது பயிற்சிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறோம். சிலருக்கு முதல் தடவை நாக்கு எழுவதில்லை.

பாடத்துக்குள்ளேயும் வேலை இருந்தது. எங்கள் செய்முறை அறைப் பொம்மைகள் எல்லாமே ரோஸ் நிறம். படுக்கைப் புண் தொடங்கினால் தோல் சிவக்கும் என்றுதான் படங்களும் காட்டின. பொம்மைக் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்து, "இதில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பைத் தேடக் கூடாது. சுற்றியுள்ள இடத்தைவிட நிறம் அடர்ந்திருக்கிறதா, சூடோ கெட்டித்தன்மையோ தெரிகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்வதை உதட்டின் உட்புறத்தில் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர்கூட, மறைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவை வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

என் பக்கத்துப் பிழை ஒன்றையும் எழுதியாக வேண்டும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மாவோரி, பசிபிக் தீவு மாணவர்களுக்கான சேர்க்கைத் திட்டம் 1972 முதல் இருக்கிறது. வந்த புதிதில் சாப்பாட்டு அறையில் நம்மவர்கள் சிலர், "அவங்களுக்கு மார்க் கொறஞ்சாலும் சீட்டு குடுத்துருவாங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன். 69 சதவீத இடஒதுக்கீட்டால் படிக்க வந்தவள் நான். கல்லூரியில் அதே பேச்சைக் கேட்டுக் குளியலறையில் அழுதவள். இந்த மண்ணின் மக்களான மாவோரிகள் மற்றவர்களைவிட ஏழு ஆண்டுக்கு மேல் முன்னதாகச் சாகிறார்கள் என்று 2017–2019 கணக்கு சொல்கிறது. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த நாகர்கோவில் பிள்ளை இந்த வருஷம் இறுதியாண்டு. புதிய மாணவர்களை வரவேற்ற நாளில் பெபெஹா சொல்ல அவளைத்தான் அழைத்தோம். பழையாறு என்றாள். மலை, மருந்துவாழ் மலை. முன்வரிசையில் இருந்த அந்த மூத்த விரிவுரையாளர், மலையின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்று பாட்டி சொன்ன கதையில் தொடங்கி, கால்மணி நேரம் சொன்னாள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் அவர், "அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டு, அவள் சொல்லச் சொல்லத் தானும் சொல்லிப் பார்த்தார். 'ழ' வரும்வரை விடவில்லை.