1,200 மி.கி. கணக்கு: எலும்புக்காக எங்கள் அடுப்படியில் மாறியவை

போன வருடம் ஆத்தாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ஆத்தாவைப் பற்றிப் பேசி முடித்த டாக்டர், என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு மாதவிடாய் நின்னுடுச்சாம்மா? நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்றார். பெற்றவர்களுக்கு இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு வயது 54.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஊசி இல்லை, வலி இல்லை, கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தால் போதும். முடிவில் டி ஸ்கோர் என்று ஒரு எண் தருவார்கள். மைனஸ் 1 வரை நல்ல எலும்பு. மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நிலை. நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்பின் அடர்த்தி குறைய ஆரம்பித்துவிட்டது. எனக்கு மைனஸ் 1.9. ரத்தத்தில் வைட்டமின் டி 14 இருந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடு.

தனி மருந்து இப்போது வேண்டாம், சாப்பாட்டையும் வைட்டமின் டியையும் சரிசெய்துவிட்டு, உடம்புக்கு வேலை கொடுத்து, இரண்டு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை. மற்ற பெரியவர்களுக்கு 1,000. அங்கிருந்த டயட்டீஷியன் பெண் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்: "மாத்திரை எத்தனைன்னு அப்புறம் பார்ப்போம். ஒரு வாரம் நீங்க சாப்பிடுறதை எல்லாம் எழுதிட்டு வாங்கம்மா."

எழுதிப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. காலையில் இட்லி அல்லது பணியாரம், மதியம் சோறு, குழம்பு, பொரியல், ரசம், ராத்திரி மறுபடி இட்லி. பால் என்பது காபியில் விழுந்ததுதான். அரிசியில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். நாம் பெருமையாகச் சமைக்கும் கவுனி அரிசிக்கும் அதேதான். உளுந்தில் கிண்டும் கும்மாயம் இடுப்புக்கு வலு என்று ஆத்தா எனக்கு ஊட்டி வளர்த்தது. அதில் புரதம் உண்டு, எலும்புக்குப் புரதமும் வேண்டும், ஆகவே அது வீண் இல்லை. ஆனால் எள்ளோடும் கேப்பையோடும் (கேழ்வரகு) வைத்துப் பார்த்தால் உளுந்தில் கால்சியம் குறைவு. என் ஒரு நாள் கணக்கு 400ஐத் தாண்டவில்லை.

தேவகோட்டைச் சந்தையில் கிடைக்காத எதையும் நான் வாங்கவில்லை. 100 கிராம் கேப்பையில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது. எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் அக்கா, "முளைகட்டிக் காயவச்சு அரைங்க ஆச்சி, வாசமா இருக்கும்" என்றார். வாசம் மட்டும் இல்லை, முளைகட்டினால் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் குறைந்து, உடம்பில் அது நன்றாகச் சேரும். இப்போது காலையில் 50 கிராம் மாவில் கூழோ தோசையோ. இரண்டு டம்ளர் பால், சுமார் 300 மில்லி, 350 மி.கி. தரும். மதியம் ஒரு கிண்ணம் தயிர், 150. தோல் நீக்காத கறுப்பு எள்ளை வறுத்துப் பொடித்து ஒரு டேபிள் ஸ்பூன் சேர்த்தால் 100க்கு மேல். வாரத்தில் மூன்று நான்கு நாள் முருங்கைக்கீரை. பசலை, பாலக் மாதிரி கீரைகளில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம். அவற்றின் கால்சியம் பெரும்பாலும் உடம்பில் ஒட்டாது. தொண்டிப் பக்கத்து நெத்திலி வந்தால் முள்ளோடு வறுத்துவிடுவோம், அந்த முள்தான் கால்சியம்.

இப்படி 900 பக்கம் வந்துவிட்டது. மீதிக்குத்தான் ஒரே ஒரு மாத்திரை. அட்டையில் கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று போட்டிருக்கும். அதில் உண்மையான கால்சியம் 500தான், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே வேளையில் 500க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். எனக்குத் தைராய்டு மாத்திரை வேறு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது. அதனால் விடியலில் தைராய்டு, மதியச் சோற்றோடு கால்சியம் என்று வைத்துக்கொண்டேன்.

வைட்டமின் டி இல்லாமல் இத்தனையும் சாப்பிட்டுப் பலன் இல்லை, குடலில் கால்சியத்தை உள்ளே இழுப்பதே அதுதான். எனக்கு வாரம் ஒரு 60,000 ஐ.யு. எட்டு வாரத்துக்கு எழுதினார்கள். நெய், எண்ணெய் உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகிவிடும், இதைத் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வெயிலுக்காக மட்டும் இப்போது பதினொரு மணிவாக்கில் மாடிக்குப் போகிறேன். காலை ஏழு மணி வெயிலில் இதற்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு, கண்ணாடி ஜன்னல் வழியாக அது வருவதே இல்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரி. முற்றத்து வெயில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் காய்ந்தது வத்தல்தான், நாங்கள் இரண்டாங்கட்டு நிழலில்தான் இருந்தோம்.

வத்தல், ஊறுகாய், அப்பளத்தைப் பாதியாகக் குறைத்தேன். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான். சாயங்காலம் கால் மணி நேரம் படி ஏறி இறங்குவதும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பதும் பழகிவிட்டது.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. அவருக்கும் இதே கேப்பையும் தயிரும்தான் போடுகிறேன், சாப்பாட்டுக் கால்சியத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கிடையாது. என் வைட்டமின் டி இப்போது 34. அடுத்த ஸ்கேன் அடுத்த வருடம்.