ஃபேன்டஸி பேஸ்பால் அணிக்கு (நிஜ வீரர்களின் ஆட்டத்தை வைத்துப் புள்ளி பெறும் கற்பனை அணி) ராய்ஸ் லூயிஸை நம்பி எடுக்கலாமா?
அமெரிக்க பேஸ்பால் அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த ராய்ஸ் லூயிஸுக்கு, 2021-இலும் 2022-இலும் அதே வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. 2023-இல் மீண்டு வந்து 58 ஆட்டங்களில் 15 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். அவற்றில் நான்கு கிராண்ட் ஸ்லாம்கள், அதாவது மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கும்போது அடித்த ஹோம் ரன்கள்! 2024 தொடக்க ஆட்டத்தில், மட்டையோடு இறங்கிய முதல் முறையே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியவர், அதே ஆட்டத்தில் பேஸ்களுக்கிடையே ஓடும்போது தொடைத்தசையில் காயம்பட்டு வெளியேறி, ஜூன் மாதம்தான் திரும்பினார். கண் பட்டுவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. 2025-ஐயும் பின்தொடைக் காயத்தால் தாமதமாகத்தான் தொடங்கினார், பேட்டிங் சராசரியும் (ஹிட் அடித்த விகிதம்) .250-ஐ எட்டவில்லை.

ஆகவே ஃபேன்டஸி டிராஃப்டில் முன்சுற்றுகளில் நான் அவரைத் தொட மாட்டேன். ஆனால் பின்சுற்றுகளில் மிஞ்சியிருந்தால், அவர் ஆடும் மூன்றாம் பேஸ் இடத்துக்கு நாள்தோறும் ஆடக்கூடிய மாற்று வீரர் ஒருவரைக் கைவசம் வைத்துக்கொண்டு, அந்த மட்டையின் வலுவுக்காகவே தயங்காமல் எடுப்பேன்.