டிராக் ரேடியல் தேடிய நாட்கள்: ஒரு மஸ்டாங் நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 6, சனி

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரைப் பொருத்திய பிறகு காரை இன்று டைனோவில் (திறனை அளக்கும் கருவி) ஏற்றி அளந்தார்கள். பின்சக்கரங்களில் ஏறத்தாழ 700 குதிரைத்திறன், 550 பவுண்ட்-அடி முறுக்குவிசை. கார் 2018ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.; 5 லிட்டர் வி8 எஞ்சின், பத்து கியர் ஆட்டோமேட்டிக். எண்களைப் பார்த்து மகிழ்ந்ததெல்லாம் கடை வாசலோடு சரி. திரும்பும் வழியில் மணிக்கு 50 மைல் வேகத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதிக்குச் சற்று மேல் அழுத்தியதுமே பின்டயர்கள் வழுக்க, டிராக்‌ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்கிவிட்டது. சாலைக்குப் போய்ச் சேராத திறன் எத்தனை இருந்தும் பயனில்லை.

ஆகவே பின்னால் டிராக் ரேடியல், அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்கான மென்ரப்பர் டயர், போட வேண்டும். ஆனால் இந்தக் காரை டிரெய்லரில் ஏற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் எனக்கில்லை. டல்லாஸிலிருந்து ஏறத்தாழ 35 மைல் தொலைவில் எனிஸ் ஊரில் உள்ள டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸ் பந்தயத் தளத்துக்கு இதே டயர்களில் ஓட்டிச் சென்று, இதே டயர்களில் வீடு திரும்ப வேண்டும். நடுவில் மழை வந்தாலும் திரும்ப வேண்டும். இந்த நிபந்தனையை இங்கே முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் டயர் விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினால் முதலில் மறந்துபோவது இதுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். காரின் எடை ஓட்டுநர் இல்லாமல் ஏறத்தாழ 1,750 கிலோ. அதில் பின்சக்கரங்கள் மீது 46 விழுக்காடு. முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.72 மீட்டர். புவியீர்ப்பு மையத்தின் உயரத்தை அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். முதல் கியர் விகிதம் 4.70, பின் ஆக்சில் விகிதம் 3.55, இரண்டையும் பெருக்கினால் முறுக்குவிசை 16 மடங்குக்கு மேல் ஆகிறது. டைனோ காட்டிய எண்ணைக் கொண்டு பார்த்தால், முதல் கியரில் எஞ்சின் இந்தக் காரை 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரு மடங்கு) முடுக்கத்தில் தள்ளக்கூடியது.

டயர் தாங்குவது எவ்வளவு? உராய்வுக் கெழு 1.0 உள்ள நல்ல கோடைக்காலத் தெரு டயர், முடுக்கத்தின்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 0.56 ஜி-க்கு மேல் தராது. கெழு 1.8 ஆனால் விடை 1.24 ஜி. கெழு இரு மடங்கைக்கூட எட்டாதபோதே முடுக்கம் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பிடிப்பு கூடக் கூடப் பின்பக்கம் விழும் எடையும் கூடுவதே அதற்குக் காரணம். இதனால்தான் தொடக்கக் கோட்டைத் தாண்டிய முதல் 60 அடியில் டயர் செய்யும் வேலையை எஞ்சினில் இன்னொரு 100 குதிரைத்திறன் சேர்த்தாலும் செய்ய முடிவதில்லை. அத்துடன் 1.24-க்கும் 2-க்கும் இடையே இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. எந்த டயர் வாங்கினாலும் முதல் கியரில் முறுக்குவிசையைக் கணினி வழியாகக் குறைத்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

பல ஆண்டுகளாகப் பந்தயம் ஓட்டும் நண்பர் ஒருவர், ரேடியலை விட்டுவிட்டு பயஸ்-பிளை வாங்கச் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பயஸ்-பிளை டயரின் உள்ளிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் செல்வதால் பக்கச்சுவர் மடிந்து, சுருங்கி, புறப்படும் நேரத்து அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது; சற்று வழுக்கினாலும் மீண்டும் பிடித்துக்கொள்கிறது. ரேடியலின் இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேராகச் செல்கின்றன, ஓடுபரப்பின் கீழே எஃகுப் பட்டை இருக்கிறது. அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும். விட்டால் பெரும்பாலும் திரும்பப் பிடிக்காது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆனாலும் எனக்கு ரேடியல்தான். நெடுஞ்சாலையில் பயஸ்-பிளை டயர்கள் சாலையின் ஒவ்வொரு வரிப்பள்ளத்தையும் பின்தொடர்ந்து காரை அலைய விடும். முன்னால் ரேடியலும் பின்னால் பயஸ்-பிளையும் கலந்து தெருவில் ஓட்டுவதையும் டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. ரேடியலின் பிடிப்பைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம்: 315 மி.மீ. அகல ரேடியல் டயர்களோடு ஓடும் ‘ரேடியல் வெர்சஸ் த வேர்ல்ட்’ பிரிவுக் கார்கள் எட்டில் ஒரு பங்கு மைலை 4 விநாடிக்குள் கடக்கின்றன. அவை தெருவுக்கான கார்கள் அல்ல என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டயரின் பக்கச்சுவரில் உள்ள டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எழுத்துகளை ‘தெருவுக்கு ஏற்றது’ என்று பலரும் படிக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்பு விதிகளுக்கு டயர் உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் உறுதி அது, அவ்வளவுதான். ஈரச் சாலையில் நன்றாக நிற்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. அந்த வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அதைவிட எனக்குப் பயன்படும்: 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்த டயர். மென்மையான ரப்பர் அலமாரியில் கிடந்தே இறுகிவிடும் என்பதால், தள்ளுபடியில் வரும் பழைய சரக்கை நான் தொடப்போவதில்லை.

டயர் எவ்வளவு உழைக்கும் என்பதைக் காட்டும் டிரெட்வேர் எண்ணின் கதை நம் டெக்சஸ் மண்ணிலேயே நடக்கிறது. சான் ஏஞ்சலோ அருகே 400 மைல் சுற்றுச் சாலையில், ஒப்பீட்டு டயருடன் சேர்த்து 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். எண் கூடக் கூட டயர் நீண்ட நாள் உழைக்கும். சாதாரணக் குடும்பக் கார் டயர்களில் 500-க்கு மேலும் பார்க்கலாம். டிராக் ரேடியல்கள் 100, அதற்கும் கீழே, சில வெறும் 0. தரத்தைச் சோதனையின் அடிப்படையில் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வதால், இரு வேறு நிறுவனங்களின் சிறிய வேறுபாடுகளுக்கு நான் மதிப்பளிப்பதில்லை.

செப்டம்பர் 20, சனி

அளவு முடிவாயிற்று: 305/45 ஆர் 18 (அகலம் 305 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 விழுக்காடு, ரிம் விட்டம் 18 அங்குலம்). இப்போதுள்ள 275/40 ஆர் 19 டயரின் பக்கச்சுவர் 110 மி.மீ.; புதியதில் 137 மி.மீ. அகலத்தைவிட இந்த 27 மி.மீ. உயரம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இந்தக் காரின் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். டயர் நெகிழ்ந்து கொடுக்காவிட்டால் சக்கரம் துள்ளி, அந்த அடி நேராக அரை-அச்சுகளில் இறங்கும்.

விட்டம் 27.7 அங்குலத்திலிருந்து 28.8 ஆகிறது, அதாவது 4 விழுக்காடு கூடுதல். 3.55 ஆக்சில் இனி 3.41 போல நடந்துகொள்ளும். திறன் குறைந்த காரில் இது இழப்பு. என் முதல் கியருக்கோ வரம். கணினியில் டயர் அளவைத் திருத்தாவிட்டால் வேகமானி 70 காட்டும்போது கார் உண்மையில் ஏறத்தாழ 73-இல் போகும். நெடுஞ்சாலைக் காவலரிடம் இந்தக் கணக்கை விளக்கும் ஆசை எனக்கில்லை.

செப்டம்பர் 27, சனி

2018இல் டாட்ஜ் நிறுவனம் சேலஞ்சர் டீமனை நான்கு சக்கரங்களிலும் நிட்டோ என்டி05ஆர் டிராக் ரேடியல்களோடு ஆலையிலிருந்தே விற்றது. 1,025 குதிரைத்திறன் கொண்ட 2023 டீமன் 170 மிக்கி தாம்சன் ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர் டயர்களோடு வந்தது. இவ்விரண்டையும் முன்னுதாரணமாகக் காட்டி ‘ஆர்’ வகையை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. பிடிப்பை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதன் ஓடுபரப்பு கிட்டத்தட்ட வழவழப்பானது. நீரை வெளியேற்றப் போதிய வழியில்லை. பின்டயர் நீரில் மிதக்க, பள்ளவரிகள் நிறைந்த முன்டயர் மட்டும் சாலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் கார் பின்பக்கமாகச் சுழலும். வடக்கு டெக்சஸில் மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

நிட்டோ என்டி555ஆர் இரண்டாம் பதிப்பு மறுகோடி: நீண்ட நாள் உழைக்கும், மழையில் ஓரளவு நம்பலாம், ஆனால் என் காரின் முறுக்குவிசைக்குப் பிடிப்பு போதாது என்பது என் கணிப்பு. நடுவில் நிற்பது மிக்கி தாம்சன் ஈ.டி. ஸ்ட்ரீட் எஸ்.எஸ். பள்ளவரிகள் ‘ஆர்’ வகையைவிட அதிகம், ரப்பர் மென்மையானது. அதையே ஆர்டர் செய்தேன். இந்தத் திறனில் தெருக் காருக்கு ‘ஆர்’ தேவை என்பவர்களுக்கு என் பதில்: நூறில் ஒரு பங்கு விநாடிகளை மிச்சப்படுத்த விரும்புகிறவர் டிரெய்லரும் வாங்கட்டும்.

அக்டோபர் 4, சனி

10 அங்குல அகல ரிம்மில் பொருத்தியாயிற்று. தெருவில் 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் அழுத்தம்) காற்று. பாதை மாற்றும்போது பின்பக்கம் அரை நொடி தாமதித்துப் பின்தொடர்வதை உணர முடிகிறது. உயரமான மென்பக்கச்சுவரின் விலை அது.

அக்டோபர் 24, வெள்ளி

மோட்டார்பிளெக்ஸில் தெருக் கார்களுக்கான இரவு. 1986இல் பில்லி மேயர் கட்டிய இந்த ஓடுதளம் கால் மைலும் கான்கிரீட். அதன் மேல் ஒட்டும் பசையும் ரப்பரும் இருந்ததால் நடந்தாலே காலணி பிய்த்துக்கொண்டு வருகிறது.

புறப்படும்முன் டயர்களை நனைத்துச் சுழற்றும் தண்ணீர்ப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய், அதன் முன்விளிம்பில் ஈரம் பட்டும் படாமலும் டயர்களை நிறுத்தினேன். பள்ளவரி உள்ள டயர் தண்ணீருக்குள் இறங்கினால் அந்த நீரைத் தொடக்கக் கோடுவரை சுமந்து போகும். ஃபோர்டு இந்தக் காரிலேயே வைத்திருக்கும் லைன் லாக், முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டது. லேசான புகை எழுந்ததும் விட்டேன். ரேடியலுக்கு நீண்ட பர்ன்அவுட் (நின்ற இடத்திலேயே டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) வேண்டாம், மேற்பரப்பு சுத்தமாகிச் சூடானால் போதும்.

சூடான நிலையில் 20 பி.எஸ்.ஐ. வைத்துப் புறப்பட்டபோது 60 அடி 1.78 விநாடி. தரையில் பதிந்த தடத்தில் நடுப்பகுதி கறுத்தும் ஓரங்கள் வெளுத்தும் இருந்தன; காற்று அதிகம் என்பதன் அடையாளம் அது. 17-க்கு இறக்கியதும் தடம் ஒரே சீராகக் கறுத்தது, நேரம் 1.62. மேலும் இறக்கிப் பார்த்ததில் ஓரங்கள் மட்டும் கறுத்தன, நேரமும் குறையவில்லை. பழைய டயரில் இதே தளத்தில் 2.1-க்குக் கீழே நான் வந்ததில்லை. கால் மைல் 11.49 விநாடியோ அதற்குக் குறைவோ ஆனால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம்) கேட்கும் என்.எச்.ஆர்.ஏ. பந்தய அமைப்பின் விதியும், 2008 முதலான கார்களுக்கு அதில் உள்ள தளர்வும் எனக்குத் தெரியும். எனினும் எட்டில் ஒரு பங்கு மைல் குறியிலேயே காலை எடுத்துவிட்டேன். டயரைப் பற்றிய கேள்விக்கு விடை அதற்குள் கிடைத்துவிடுகிறது.

திரும்பும்முன் கையடக்கக் கம்ப்ரஸரால் 30-க்கு ஏற்றினேன். 17-இல் நெடுஞ்சாலை ஏறினால் பக்கச்சுவர் சூடேறி அழியும்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் குளிர் உறைநிலையை நெருங்கிவிட்டது. இந்த ரப்பர் குளிரில் கட்டைபோல் இறுகிவிடுவதால், 19 அங்குலச் சக்கரங்களை மாட்டிவிட்டு எஸ்.எஸ். ஜோடியை வீட்டுக்குள், உறையாத அறையில் வைத்தேன். நடுப்பகுதி ஓரத்தைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருக்கிறது. தெரு ஓட்டத்துக்கு வசந்தத்தில் 28 பி.எஸ்.ஐ. வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஆர்’ ஜோடிக்கு ஒதுக்கலாம் என்று நினைத்த பணத்தைப் பின் சஸ்பென்ஷன் புஷ்களுக்கும் ஷாக் அப்சார்பர்களுக்கும் கொடுக்கப்போகிறேன். எஞ்சின் கணினியைச் சீரமைக்கும் டியூனரிடம் முதல் கியரின் முறுக்குவிசை வரம்பைச் சிறிது உயர்த்தச் சொல்லியிருக்கிறேன், 17 பி.எஸ்.ஐ.-யில் டயர் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்றே தடம் காட்டியது.